ஹெல்மெட் போட்டால் நெற்றி வலி, ஜாக்கெட்டில் முழங்கை பேட் நழுவுகிறது: நாளைக்குள் மாற்ற வேண்டும், உதவுங்கள்

சாம்பல்_ஹண்டர் | வெள்ளி, இரவு 9.12
வணக்கம். பைக் எனக்குப் புதிது. ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை மூன்றையும் ஒரே கடையில் வாங்கினேன். ஹெல்மெட்டைப் போட்டு அரை மணி நேரத்தில் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கிறது. கழற்றினால் நடுநெற்றியில் சிவந்த தடம். “போகப் போகத் தளர்ந்துவிடும்” என்கிறார் கடைக்காரர். ஜாக்கெட்டில் முழங்கைக்கான பேட் கையின் பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது. நாளை மாலை வரைதான் மாற்றித் தருவார்கள். இரண்டையும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

மலைப்பாதை_மணி | இரவு 9.20
எந்த ஹெல்மெட்? என்ன சைஸ்? தலைச் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர்? எந்த ஊர், எந்த பைக்? ஊருக்குள் மட்டும் ஓட்டுவீர்களா, வெளியூரும் உண்டா? இவற்றைச் சொல்லாமல் பதில் கேட்டால் நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

பழைய_இரும்பு | இரவு 9.31
தம்பி, எல்லாம் எடைதான். இப்போது வரும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டுகள் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. கழுத்து வலித்து அதுவே நெற்றிக்கு ஏறுகிறது. முகம் திறந்த ஹெல்மெட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், காற்றும் வரும். ஊருக்குள் 40 வேகத்துக்கு மேல் யார் போகிறார்கள்? இந்த வெயிலில் ஜாக்கெட் வெறும் ஆடம்பரம். முழுக்கைச் சட்டை போதும்.

இருசக்கர_இலக்கணம் | இரவு 9.44
இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, ஒரு எண் பெரிதாக வாங்கிப் போட்டுக்கொள்ள ஹெல்மெட் என்ன செருப்பா? புதிய ஹெல்மெட் இறுக்கமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். கன்னத்துப் பஞ்சு சில வாரங்களில் அமுங்கிவிடும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் பஸ்ஸில் போகலாம்.

தார்ச்சாலை | இரவு 9.52
முதலில் அதில் ஐரோப்பியத் தரமான ஈசிஇ 22.06 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஐஎஸ்ஐ மட்டும் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இருசக்கர_இலக்கணம் | இரவு 9.58
மீண்டும் தொடங்கிவிட்டீர்களா? 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 194டி பிரிவின்படி ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய், உரிமமும் மூன்று மாதம் முடங்கும். உங்கள் ஐரோப்பிய ஸ்டிக்கரைக் காட்டி போக்குவரத்துக் காவலரிடம் வாதாடிப் பாருங்கள்.

தார்ச்சாலை | இரவு 10.05
நான் பேசுவது மண்டையைப் பற்றி, நீங்கள் பேசுவது அபராதத்தைப் பற்றி. 22.06 விதியில் சாய்வாக மோதும்போது தலை எவ்வளவு முறுக்கப்படுகிறது என்பதையும் சோதிக்கிறார்கள். பழைய 22.05-இல் அந்தச் சோதனை கிடையாது. பல வேகங்களில், கூடுதல் இடங்களில் மோதிப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் டிஓடி முத்திரையோ தயாரிப்பாளர் தனக்குத் தானே ஒட்டிக்கொள்வது. இவை எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தால் நான் என்ன செய்ய?

எண்ணெய்_கை | இரவு 10.11
இரண்டு முத்திரையும் சேர்ந்தே உள்ள இந்தியத் தயாரிப்புகள் கிடைக்கின்றன, ஐயாக்களே. சண்டை முடிந்ததா?

பழைய_இரும்பு அண்ணனுக்கு: 40 வேகம் என்பது கணக்கே இல்லை. நின்ற இடத்தில் சாய்ந்தாலும், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடும். பைக்கின் வேகம் அதற்கு மேல். முகம் திறந்த ஹெல்மெட் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. ஜெர்மனியில் டீட்மார் ஓட்டே என்ற ஆய்வாளர் விபத்தில் சிக்கிய ஹெல்மெட்டுகளை ஆராய்ந்தபோது, அடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில்தான் பட்டிருந்தது.

ஜாக்கெட் ஆடம்பரம் என்பதற்கும் பதில் இருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், விபத்தில் சிக்கிய 212 பேரை ஒப்பிட்டார்கள். பைக்குக்கான ஜாக்கெட் அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு 21 சதவீதம் குறைவு. பேன்ட்டுக்கு 51, கையுறைக்கு 59 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் ஜாக்கெட்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் விழுந்ததில் கிழிந்தோ தேய்ந்தோ பயனற்றுப் போனதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே எதை வாங்குகிறோம் என்பதும் முக்கியம்.

பழைய_இரும்பு | இரவு 10.19
ஆஸ்திரேலியாவில் கோடை வேறு, நம் கோடை வேறு. அவ்வளவுதான் சொல்வேன்.

வேப்பங்காற்று | இரவு 10.22
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும் என்கிறார்களே, உண்மையா?

எண்ணெய்_கை | இரவு 10.24
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். தலை இருந்தால்தான் முடி.

மலைப்பாதை_மணி | இரவு 10.37
கேட்டவர் காணவில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். வலி தலை முழுவதும் சமமாக அழுத்துவதுபோல் இருந்தால் சைஸ் சிறிது. நடுநெற்றியில் மட்டும் என்றால் ஹெல்மெட்டின் உள்வடிவம் உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை. மேலிருந்து பார்த்தால் சிலர் தலை வட்டம், சிலருக்கு முன்னும் பின்னும் நீண்டது. நீண்ட தலையை வட்ட ஹெல்மெட்டுக்குள் வைத்தால் நெற்றி இடிக்கும், காதுக்கு மேலே இரு பக்கமும் இடைவெளி இருக்கும். அங்கே விரல் எளிதாக நுழைகிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் பெரிய சைஸ் வாங்கவே வாங்காதீர்கள். நெற்றி வலி போகும், ஆனால் பக்கவாட்டில் ஆட்டம் இன்னும் கூடும். பட்டையைக் கட்டிக்கொண்டு, பின்பக்கக் கீழ் விளிம்பில் வேறொருவரை விரல் வைத்து முன்னோக்கி உருட்டச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அந்த ஹெல்மெட் விபத்தின்போது உங்களோடு இருக்காது. அப்போது 22.06 இருந்தும் பயனில்லை.

இலக்கணம் ஐயா சொன்னதுபோல் கன்னத்துப் பஞ்சு அமுங்கும் என்பது உண்மை. நெற்றிக்கு அது பொருந்தாது. அங்கே மெல்லிய துணிக்குப் பின்னால் உடனே தெர்மாகோல் வந்துவிடும். தெர்மாகோல் தளர்வதற்காகச் செய்யப்பட்டதல்ல, ஒரே ஒரு முறை நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது.

சாம்பல்_ஹண்டர் | இரவு 11.03
மன்னிக்கவும், சாப்பிடப் போய்விட்டேன். கோவை. ஹண்டர் 350. அலுவலகம் சரவணம்பட்டியில், அவ்வப்போது வால்பாறை போக வேண்டும் என்று ஆசை. தலைச் சுற்றளவு 57, ஹெல்மெட் எம் சைஸ். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அந்தக் கடைக்காரர் இங்கேயே இருந்தாலும் இருப்பார். ஐஎஸ்ஐ, ஈசிஇ இரண்டும் இருக்கின்றன. காதுக்கு மேலே ஒரு விரல் தாராளமாக நுழைகிறது.

தம்பி தம்பி என்று எழுதியவர்களுக்கு: நான் பெண். அது முக்கியம் என்று நினைக்கவில்லை.

பழைய_இரும்பு | இரவு 11.06
தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் அம்மா. முகம் திறந்த ஹெல்மெட்தான் உங்களுக்கும் நல்லது.

கொண்டைஊசி_40 | இரவு 11.15
முக்கியம்தான் தங்கச்சி! நாம் இரண்டு பேர்தான் பெண்கள் இங்கே இருக்கிறோம், ஆகவே இதை வேறு யாரும் கேட்கப்போவதில்லை: முடியை எப்படிக் கட்டிக்கொண்டு ஹெல்மெட் போடுகிறீர்கள்? கொண்டையா, கிளிப்பா?

சாம்பல்_ஹண்டர் | இரவு 11.18
பெரிய கிளிப் போட்டு, தலையின் பின்பக்கம் தூக்கிக் கட்டுவேன் அக்கா.

கொண்டைஊசி_40 | இரவு 11.29
பாதி வலி அங்கேதான். பின்னால் கிளிப் நின்றால் அது தலையை முன்னோக்கித் தள்ளும், நெற்றி போய் தெர்மாகோலில் அழுந்தும். விழும்போது அந்த கிளிப்பே பின்மண்டையில் குத்தும். இப்போதே அதைக் கழற்றுங்கள். முடியைப் பிடரிக்குக் கீழே தளர்வாகப் பின்னி, ஜாக்கெட் கழுத்துக்குள் விட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஹெல்மெட்டோடு வீட்டில் உட்காருங்கள். நெற்றி அப்போதும் சிவந்தால் மணி அண்ணன் சொன்ன வடிவப் பொருத்தம்தான். நாளை வேறு மாடல் கேளுங்கள், சைஸ் அதேதான்.

ஜாக்கெட் ஆண்களுக்கான அளவா? பெரும்பாலான கடைகளில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். தோள் அகலமாக, கை குழாய்போல் தொளதொளவென்று இருந்தால் பேட் சுழலத்தான் செய்யும். பெண்களுக்கான வெட்டு உள்ள ஜாக்கெட்டைக் கேளுங்கள். கண்ணாடி முன் நின்று பார்க்காதீர்கள். உங்கள் பைக்கில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்த நிலையில், இன்னொருவர் முழங்கைத் துணியைப் பிடித்துத் திருகட்டும். பேட் முழங்கை எலும்பை விட்டு நகரவே கூடாது. மேற்கையில் இறுக்கும் பட்டை இருந்தால் இறுக்கிப் பாருங்கள், சில சமயம் அதுவே போதும்.

எண்ணெய்_கை | இரவு 11.41
ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்தில் பேட் வைக்கும் உள்பையையும் திறந்து பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் முதுகுக்கு வெறும் ஸ்பாஞ்ச் வைத்துத்தான் விற்கிறார்கள். முழங்கை, தோள் பேடில் ஐரோப்பியத் தரக் குறியான ஈஎன் 1621-1, முதுகில் ஈஎன் 1621-2 என்று அச்சிட்டிருக்க வேண்டும், கூடவே லெவல் 1 அல்லது 2. முதுகுக்கு லெவல் 1 என்றால் மோதலில் உடம்புக்குக் கடக்கும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனுக்குள், லெவல் 2 என்றால் 9-க்குள். பாதி. முதுகு பேட் மட்டும் தனியாகவும் வாங்கலாம்.

இன்னொன்று. கையுறை வாங்கியிருக்கிறீர்கள், நல்லது. காலுக்கு என்ன? ஹண்டரின் எடை ஏறத்தாழ 180 கிலோ. கணுக்கால்மேல் அது சாய்ந்தால் கேன்வாஸ் ஷூ ஒன்றும் செய்யாது.

இருசக்கர_இலக்கணம் | இரவு 11.50
இதைத்தான் நானும் முதலில் சொன்னேன், பெரிய சைஸ் வேண்டாம் என்று.

தார்ச்சாலை | இரவு 11.52
நீங்கள் சொன்னது பஸ்ஸில் போகலாம் என்று.

இருசக்கர_இலக்கணம் | இரவு 11.57
ஐஎஸ்ஐ முத்திரையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மேலே ஐஎஸ் 4151, கீழே சிஎம்/எல் எண் இரண்டும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் உரிமம் யாருடையது என்று தெரிந்துவிடும். சாலையோரத்தில் விற்பவற்றை இட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், விவாதத்துக்காக அல்ல.

சாம்பல்_ஹண்டர் | சனி, மாலை 6.40
கிளிப்பைக் கழற்றியதும் வலி குறைந்தது, ஆனால் தடம் விழுந்தது. வேறு நிறுவனத்தின் எம் சைஸுக்கு மாற்றிவிட்டேன். கடையிலேயே நெடுநேரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கடைக்காரர் முறைத்தார். நெற்றி சிவக்கவில்லை. ஜாக்கெட்டில் பெண்கள் அளவு இருப்பில் இல்லை என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முதுகில் இருந்தது ஸ்பாஞ்ச்தான். அனைவருக்கும் நன்றி.

கொண்டைஊசி_40 | சனி, இரவு 7.15
அந்தப் பணத்தில் முதலில் கணுக்காலை மூடும் ஷூ வாங்கிவிடுங்கள். ஜாக்கெட்டை இணையத்தில் வாங்குவதானால் மார்பு, இடுப்பு, கை நீளம் மூன்றையும் அளந்து அவர்களுடைய அட்டவணையோடு ஒப்பிடுங்கள், எஸ், எம் என்ற எழுத்தை நம்பாதீர்கள். கோவை வெயிலுக்கு வலைத்துணி சரி. ஆனால் தோளும் முழங்கையும் கெட்டித் துணியாக இருக்க வேண்டும், விழும்போது முதலில் தேய்வது அவைதான். அது வந்து சேரும் வரை வால்பாறை வேண்டாம்.

தார்ச்சாலை | சனி, இரவு 8.02
புதிய ஹெல்மெட் எந்த மாடல்? 22.06-ஆ, 22.05-ஆ?

வேப்பங்காற்று | ஞாயிறு, காலை 10.30
எனக்கும் நீண்ட தலைதான். மாடல் பெயரைச் சொன்னால் உதவியாக இருக்கும்.