ஷிஃப்ட் கீயிலிருந்து கையை எடுத்தால் நின்றுவிடும் லேப்டாப்: உங்களுக்கும் நடந்ததா?

பதிவு 1

2009-ல் வாங்கிய டூயல் கோர். லினக்ஸ் போட்ட நாள் முதல் திக்கித் திக்கித்தான் ஓடியது. தங்கையின் ப்ராஜெக்ட் ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு காப்பி செய்த இரவில்தான் விஷயம் பிடிபட்டது. காப்பி எவ்வளவு ஆனது என்று காட்டும் கோடு நகரவில்லை, மூலையில் கடிகாரமும் நிற்கிறது. தற்செயலாக ஷிஃப்டில் விரல் பட்டதும் கொஞ்சம் நகர்ந்தது. விரலை எடுத்தேன், நின்றது. மறுபடி தட்டினேன், நகர்ந்தது. முக்கால் மணி நேரம் ஷிஃப்டைத் தட்டியே காப்பியை முடித்தேன். விரல் நுனி மரத்துப்போனது இன்னும் மறக்கவில்லை.

சர்வீஸ் கடையில் மதர்போர்டு போச்சு என்றார்கள். மனசு கேட்கவில்லை. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பில், பிராசஸர் எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்று சொல்லும் மேக்ஸ் சிஸ்டேட்டை 1 ஆக்கினேன், திக்கல் அடியோடு போனது. ஏன் போனது என்றுதான் இன்றுவரை புரியவில்லை.

பதிவு 2

எனக்கு நேர் எதிர். 2006-ல் என் லேப்டாப்பில் நேரம் இரட்டை வேகத்தில் ஓடியது. பாஸ்வேர்டு அடித்தால் எழுத்து இரண்டிரண்டாக விழும், உள்ளேயே போக முடியாது. சுவர்க் கடிகாரத்தில் வினாடி முள் அரைச்சுற்று வருவதற்குள் திரையில் ஒரு நிமிடம் போய்விடும். அதை எதிரே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒரே டைமர் இன்டரப்ட் (நேரத்தை நகர்த்த பிராசஸரைத் தட்டும் சைகை) பழைய இன்டரப்ட் சிப்பான 8259 வழியாக ஒரு முறை, அதற்குப் பின் வந்த ஐஓ-ஏபிக் வழியாக ஒரு முறை வந்திருக்கிறது. ஐஓ-ஏபிக்கை அணைக்கும் நோஏபிக் என்ற அளவுருவை கிரப்பில் கொடுத்ததும் சரியானது.

முதல் பதிவருக்கு ஒன்று: நீங்கள் செய்தது வைத்தியம் இல்லை. கோர் ஆழ்ந்து தூங்கும்போது அதற்குள்ளேயே இருக்கும் லோக்கல் ஏபிக் டைமரும் நின்றுவிடுகிறது. எழுப்புகிறேன் என்று சொன்னவரும் சேர்ந்து தூங்கிவிட்டார், அவ்வளவுதான். கீயைத் தட்டினால் அது வேறொரு இன்டரப்ட், அதனால் விழிக்கிறது. நீங்களோ கோரை ஆழ்ந்து தூங்கவே விடாமல் வைத்திருக்கிறீர்கள். சூடும் ஏறும், பேட்டரியும் போகும். நோலேபிக் அண்டர்ஸ்கோர் டைமர் என்று கொடுங்கள், வெளியே இருக்கும் டைமர் எழுப்பிக்கொள்ளும்.

பதிவு 3

அவரைச் சொல்லிவிட்டு நீங்கள் நோஏபிக் போட்டிருக்கிறீர்களே! எல்லாச் சாதனமும் பழைய 8259-ன் 15 இன்டரப்ட் லைனுக்குள் நெருக்கியடித்து உட்காரும். வைஃபையும் யூஎஸ்பியும் ஒரே லைனில் வந்தால் அடுத்த தலைவலி அங்கேதான். ஐஓ-ஏபிக்கில் டைமருக்கான பின் 1-ஐ மட்டும் அணைக்கும் அளவுரு அப்போதே இருந்தது.

என் கதை சின்னது. சஸ்பெண்டிலிருந்து எழுப்பினால் ஃபேன் அலறும். பார்த்தால் ஐஆர்கியூ 9 (9-ஆம் இன்டரப்ட் லைன்) கண்ணெதிரே ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது, மின்சக்தியைக் கவனிக்கும் ஏசிபிஐ-யின் ஒரு ஜிபிஈ (நிகழ்வுச் சைகை) விடாமல் அடித்ததால். அதை டிசேபிள் செய்ததும் ஃபேன் அடங்கியது. அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது.

இனி வருபவர்கள் அளவுருக்களை மொத்தமாக அள்ளிப்போட வேண்டாம். லினக்ஸின் மையமான கெர்னல் தன் கணக்குகளைக் காட்டும் ப்ராக் ஃபோல்டரில் உள்ள இன்டரப்ட்ஸ் ஃபைலைப் பத்து வினாடி இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, கழித்துப் பாருங்கள். எந்த வரி தாறுமாறாக ஏறுகிறது, எது அசையவே இல்லை என்று தெரிந்துவிடும். அப்புறம் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளை. ‘நோபடி கேர்ட்’ என்று இருந்தால், அந்த லைனில் வந்த 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்காததால் கெர்னலே அதை மூடிவிட்டது என்று அர்த்தம். டச்பேட் திடீரென்று செத்துப்போனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ‘டிஎஸ்சி அன்ஸ்டேபிள்’ என்று வந்தால் பயம் வேண்டாம். டிஎஸ்சி என்பது பிராசஸருக்குள் இருக்கும் நேர எண்ணி. பழைய பிராசஸர்களில் ஆழ்ந்த தூக்கத்தில் டிஎஸ்சி நிற்கும், கெர்னல் வெளியே இருக்கும் ஹெச்பெட் டைமருக்கோ ஏசிபிஐ டைமருக்கோ மாறிக்கொள்ளும். வேகம் வேண்டுமென்று டிஎஸ்சி-யைக் கட்டாயப்படுத்தினால் நேரம் கெடும். எதுவானாலும் கிரப் மெனுவில் ‘e’ கீயை அழுத்தி, ஒரு தடவைக்கு ஒரே மாற்றம் செய்து பாருங்கள்.

பதிவு 4 (முதல் பதிவர்)

பரணிலிருந்து இறக்கிவிட்டேன். பேட்டரி போயிருக்கிறது, சார்ஜரில் ஓடுகிறது. மேக்ஸ் சிஸ்டேட்டை எடுத்துவிட்டு நோலேபிக் டைமர் மட்டும் கொடுத்தேன். ஒரு ஜிபி காப்பி, கீயைத் தொடவே இல்லை. கோடு கடைசிவரை போனது.