டேப்பட் சத்தம் என்றார்கள், புகை லீக்காக இருந்தது

தூத்துக்குடியில் ஓடும் பழைய ஆல்டோ, 800 சிசி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். கொஞ்ச தூரம் ஓடி எஞ்சின் சூடானதும் காணாமல் போய்விடும். வழக்கமாகக் காட்டும் பட்டறையில் "டேப்பட் சார்" என்று (எஞ்சின் வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்) கவரைத் திறந்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தார்கள். மறுநாளும் அதே சத்தம். மைலேஜும் இறங்கிக்கொண்டே வந்தது, சிக்னலில் நின்றால் உள்ளே புகை வாடை வேறு.

அப்புறம் லாரி வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "சாவியை வச்சிட்டுப் போங்க தம்பி. சூட்டுல ஒண்ணும் தெரியாது, காலையில ஆறின வண்டியில பாப்போம்" என்றார்.

காலையில் போனேன். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டு மேலிருக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து, பையனை ஈரச்சாக்கால் பின்குழாயை லேசாக அழுத்தச் சொன்னார். உடனே முன்னால் 'உஸ்'ஸென்று சீறியது. சோப்புத் தண்ணீர் தெளித்ததும் கடைசி சிலிண்டர் பக்கம் நுரை பொங்கியது. அந்த இடத்தில் விசிறி மாதிரி கரி படிந்திருந்தது. சூடானால் இரும்பு விரிந்து இடுக்கு அடைபடும், அதனால்தான் சத்தம் நின்றுபோகிறது. மைலேஜ் போனதற்கும் அதுவே காரணம்: புகை விட்டுவிட்டுத் துடிப்பாக வருவதால், நடுவில் அந்த இடுக்கு வெளிக்காற்றை உறிஞ்சும். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் என்று பார்க்கும் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து பெட்ரோல் போதவில்லை என்று சொல்ல, கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றும்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. உப்புக்காற்றில் நட்டெல்லாம் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்தும் ஒரு ஸ்டட் (நட்டு மாட்டும் மரைக்கம்பி) முறிந்தது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வெல்டு வைத்து, அதைத் திருகியே வெளியே எடுத்தார். அழகான வேலை. மேனிஃபோல்டு வளைந்திருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்து, இடுக்கை அடைக்கும் பேக்கிங்கைப் புதிதாகப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்கினார். கொஞ்சம் ஓடியபின் மறுபடி ஆறவைத்து ஒரு முடுக்கு. சத்தமும் இல்லை, வாடையும் இல்லை.

* * *

அண்ணே, எங்கள் வீட்டு வண்டியில் பின் சைலன்சரே அடியில் ஓட்டை. கோயில், கடைத்தெரு தவிர எங்கும் போகாத வண்டி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் ஆவியாக வரும். குழாய் நன்றாகச் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால் அது உள்ளேயே தேங்கித் தகட்டை அரிக்கும். எம்-சீல் பசை வைத்தோம், சூட்டில் உதிர்ந்து விழுந்தது. ஒட்டு வெல்டு வைக்கப்போனால் பக்கத்துத் தகடு அப்பளமாகப் பொத்துக்கொண்டது. அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவர் கட்டையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் வெல்டு தாங்கும், மொத்தென்று கேட்டால் புதுசு வாங்குவதே மேல்.

* * *

வாடை போனதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள் சார். புகையிலுள்ள நச்சுவாயு கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் மாருதி ஆம்னி வேனில் பின்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தலைவலி, குமட்டல். இறங்கிக் காற்றாட நின்றால் தெளிந்துவிடும். வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருவார்கள்.

பார்த்தால், சைலன்சர் ஜாயின்ட்டில் பேக்கிங் போயிருந்தது, பின்கதவு ரப்பர் பீடிங்கும் ஒருபக்கம் கிழிந்திருந்தது. வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைவதால், அடியில் கசிந்த புகை சுழன்று கதவு இடுக்கு வழியாக உள்ளே வந்திருக்கிறது. பேக்கிங், பீடிங் இரண்டையும் மாற்றியபின் பின்சீட்டில் தலைவலிப் பேச்சே இல்லை. ஆனால் லீக்கே இல்லாவிட்டாலும் பின்கதவைத் திறந்து ஓட்டினால் குழாய்ப் புகை உள்ளே வரத்தான் செய்யும். சந்தைக்கு வாழைத்தார் ஏற்றும்போது கதவைத் திறந்து கயிறு கட்டி ஓட்டுவது அப்பா வழக்கம். அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். "தாரை மடியிலயா வச்சிட்டுப் போறது?" என்று இன்னும் முணுமுணுக்கிறார்.