கமினீட்டோ டெல் ரே: வழிகாட்டியோடு போவதா, தனியாகப் போவதா? ரயிலில் போனால் நேரம் சரிப்படுமா?

தென்றல்_79 கேட்கிறார்:

வணக்கம். அக்டோபர் இரண்டாம் வாரம் ஸ்பெயினின் மலாகாவில் நான்கு நாள் இருக்கிறோம். அதில் ஒரு நாள் கமினீட்டோ டெல் ரே பாறை நடைபாதைக்கு. நான், கணவர், மாமியார் (64 வயது, முழங்கால் கொஞ்சம் தொந்தரவு), மகன் (டிசம்பரில் 8 முடிகிறது). கார் எடுப்பதாக இல்லை, மலாகாவிலிருந்து ரயில்தான்.

வழிகாட்டி டிக்கெட் 18 யூரோ, சாதா டிக்கெட் 10 யூரோ என்று போட்டிருக்கிறார்கள். அந்த எட்டு யூரோவுக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்குமா? ரயில் நேரத்துக்கும் நுழைவு நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? கடைசியாக, எனக்கு உயரம் என்றால் கொஞ்சம் பயம். மாடிக் கைப்பிடிச் சுவர் அருகே நிற்பேன், ஆனால் எட்டிப் பார்க்க மாட்டேன். அந்த அளவு பயம் உள்ளவர்கள் இதில் நடக்க முடியுமா?

---

பாறைப்பல்லி:

மற்றதை அப்புறம் பார்க்கலாம், முதலில் மகன் விஷயம். குறைந்தபட்ச வயது 8. "இன்னும் இரண்டே மாதம்தானே" என்பதெல்லாம் அங்கே எடுபடாது. நுழைவுச் சாவடியில் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். பிறந்த தேதியைப் பார்ப்பார்கள். 8 முடியவில்லை என்றால் பையன் வெளியே நிற்க வேண்டும், கூடவே உங்களில் ஒருவரும். நாட்கணக்கில் பார்த்து வயது சொல்லும் இடம் அது. டிக்கெட் எடுத்துவிட்டு அங்கே போய்த் தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். பணம் திரும்பாது.

எட்டு முடிந்த பிள்ளைக்கும் வயதுக்கான அசல் ஆவணம் கையில் இருக்க வேண்டும். ஓட்டல் அறையில் பூட்டி வைத்துவிட்டு வராதீர்கள்.

---

நடைராஜா:

ரயில் கேள்விக்கு வருகிறேன். பாதையின் அமைப்பு புரிந்தால் நேரக் கணக்கு தானாக வந்துவிடும்.

இது ஒருவழிப் பாதை. வடக்கே அர்தாலெஸ் பக்கம் ஏறி, தெற்கே எல் சோரோவில் இறங்க வேண்டும். ரயில் நிலையம் இருப்பது தெற்கே, அதாவது முடியும் இடத்தில். ரயிலில் வருபவர் முதலில் தன் நடை முடியப்போகும் இடத்தில்தான் இறங்குகிறார். அங்கிருந்து பஸ் பிடித்து (2.50 யூரோ, ஏறக்குறைய அரை மணிக்கு ஒன்று, 20 நிமிடப் பயணம்) வடக்கே போக வேண்டும். பஸ் இறக்கிவிடும் இடமும் நுழைவாயில் அல்ல. அங்கிருந்து சாவடி வரை இரண்டு வழி உண்டு, ஒன்று 1.5 கி.மீ., இன்னொன்று 2.7 கி.மீ. ஒவ்வொன்றும் தனித்தனிச் சுரங்க வழியில் தொடங்குவதால் ஆட்கள் குழம்புகிறார்கள். நேரம் குறைவு என்றால் 1.5 கி.மீ. வழி. 20 நிமிடம் போதும், மாமியாருக்கு 30 என்று வையுங்கள். 2.7 கி.மீ. வழி காட்டுக்குள் போகிறது, அழகானது, ஆனால் 50 நிமிடம் பிடிக்கும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பது 30, பயணம் 20, நடை 30. டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிடச் சொல்கிறார்கள், அது 30. மொத்தம் 110 நிமிடம். ஆகவே ரயில் எல் சோரோவில் நிற்கும் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து வரும் நுழைவு நேரத்தை எடுங்கள். ஒரு மணி நேரம் விட்டு எடுப்பவர்கள்தான் சாவடியில் கெஞ்சிக்கொண்டு நிற்பது.

ரயிலிலேயே ஒரு பொறி இருக்கிறது. மலாகாவிலிருந்து கிளம்பும் சி-2 புறநகர் ரயில் அலோரா வரைதான் போகும். நடைபாதை முடிகிற பகுதி அலோரா நகராட்சியைச் சேர்ந்தது என்று எங்கேயோ படித்துவிட்டு, பலர் அதில் ஏறி அலோராவில் இறங்கி விழிக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது மலாகாவின் மரியா சம்பிரானோ நிலையத்திலிருந்து 'எல் சோரோ - கமினீட்டோ டெல் ரே' நிலையத்தில் நிற்கும் நடுத்தூர ரயில். முக்கால் மணிப் பயணம். ஒரு நாளைக்குக் கைவிரலில் எண்ணும் அளவுதான் ஓடும். அதனால் ரயில் நேரத்தை ரென்ஃபே (ஸ்பெயின் ரயில் நிறுவனம்) தளத்தில் முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ப நுழைவு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தலைகீழாகச் செய்தால் சிக்கல். திரும்பும் ரயிலையும் அப்போதே பாருங்கள். பஸ் ஏறி வடக்கே போனதிலிருந்து மறுபடி நிலையத்துக்கு வந்து சேர நான்கரை மணி நேரம் வைக்கலாம்.

---

கற்குருவி:

எட்டு யூரோ கேள்விக்கும் பயத்துக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சாதா டிக்கெட்டில் யார் துணையும் இல்லாமல் உங்கள் வேகத்தில் போகலாம். வழி தவறவே முடியாது, இருப்பது ஒரே பாதை. அந்த அர்த்தத்தில் வழிகாட்டி தேவையே இல்லை. ஆனால் வழிகாட்டி இல்லாமல் போனால் பாதிப் பேருக்கு அது வெறும் உயரமான பலகைப் பாதையாகவே முடிந்துவிடுகிறது.

காரணம், பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம் காலுக்குக் கீழே இருக்கிறது. இப்போது நடப்பது 2015 மார்ச்சில் திறந்த புதிய பாதை. பாறையில் எஃகைப் பதித்து, மேலே மரப்பலகை, ஓரத்தில் எஃகுக் கம்பித் தடுப்பு. அதற்குச் சற்றுக் கீழே பழைய பாதை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது. 1901-லிருந்து 1905-க்குள் நீர்மின் நிலையத் தொழிலாளர்கள் போய்வரப் போட்டது. அகலம் ஒரு மீட்டர்தான். பாறையில் துளையிட்டு இரும்புத் தண்டவாளத் துண்டுகளைச் செருகி, மேலே மெல்லிய கான்கிரீட் பலகை. பல இடங்களில் அந்தக் கான்கிரீட் உதிர்ந்துபோய், துருப்பிடித்த இரும்பு மட்டும் பல் போலப் பாறையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் மூட்டை தூக்கி நடந்திருக்கிறார்கள். 1921-இல் மன்னர் 13ஆம் அல்ஃபோன்சோ கோந்தே தெல் குவாதலோர்சே அணையைத் திறக்க வந்தபோது இதில் நடந்தார் என்பதால்தான் 'ராஜாவின் சிறுபாதை' என்ற பெயரே வந்தது. பின்னாளில் பராமரிப்பு நின்று, 1999, 2000 ஆண்டுகளில் ஆட்கள் விழுந்து இறந்த பிறகு மூடிவிட்டார்கள்.

இதையெல்லாம் நின்று காட்டுவதற்கு ஆள் வேண்டும். அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிரி) புதைபடிவம் எந்தப் பாறையில் இருக்கிறது, மேலே வட்டமிடும் கழுகுகள் எங்கே அடைகின்றன, எதிர்ப்புறச் சுரங்கங்களில் ஓடும் ரயில் பாதை (1865-இல் திறந்தது) நடைபாதைக்கும் முந்தியது, இப்படி. வழிகாட்டி காத்திருப்பது சாவடியில். காதில் மாட்ட ஒரு சின்ன ரேடியோ தருவார்கள், அதனால் வரிசையில் பின்னால் வந்தாலும் பேச்சு கேட்கும். மொழியை டிக்கெட் எடுக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் ஸ்பானிஷ் குழுவில் பதிந்துகொண்டு இரண்டரை மணி நேரம் தலையாட்டுபவர்கள் உண்டு.

குறையும் சொல்லிவிடுகிறேன். குழுவோடு போனால் படம் எடுக்க நினைத்த இடத்தில் எல்லாம் நிற்க முடியாது. மாமியாருக்கு அடிக்கடி உட்கார வேண்டும் என்றாலும் குழு வேகம் தோதுப்படாமல் போகலாம். முழங்காலைப் பொறுத்தவரை ஏற்றம் அதிகமில்லை, மொத்தத்தில் இறக்கம்தான். ஆனால் படிகள் எல்லாம் கடைசிப் பகுதியில் வந்து குவிகின்றன. முழங்காலுக்கு இறங்குவதுதானே வலி.

இனி பயம். கைப்பிடிச் சுவர் அருகே நிற்க முடிகிறது என்றால் பெரும்பாலும் நடந்துவிடுவீர்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: இந்தப் பாதை பயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறது. முதலில் வரும் கைத்தானெஹோ பள்ளம் குறுகலானது, ஆறு பக்கத்திலேயே சலசலக்கும், உயரம் அவ்வளவாக உறைக்காது. அடுத்து ஹோயோ பள்ளத்தாக்கு. அங்கே பலகை கிடையாது, பைன் மரங்களுக்கு நடுவே சாதாரண மண் பாதை. "இவ்வளவுதானா!" என்று தோன்றும். அதற்குப் பிறகுதான் கைத்தானெஸ் பள்ளம். கண்ணாடித் தளம், தொங்குபாலம், வெட்டவெளிப் பாறைச் சரிவு மூன்றும் அங்கேதான்.

கண்ணாடித் தளம் பாதையிலிருந்து வெளியே நீட்டிய ஒரு சின்ன மாடம். வேண்டாம் என்றால் தாண்டிப் போய்விடலாம். பாலத்தைத் தாண்டாமல் விட முடியாது. நீளம் 35 மீட்டர், ஆற்றிலிருந்து 105 மீட்டர் உயரம். எண்ணிப் பார்த்தால் அறுபது காலடி கூட வராது. முன்னால் நடப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு போகலாம். நடுவில் நின்று படம் எடுக்கும் கூட்டத்துக்குப் பின்னால் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆள் நகர நகர பாலம் ஆடும், நிற்கும்போதுதான் அந்த ஆட்டம் உடம்புக்குத் தெரியும். பாலம் காலியாகும்வரை பாறை ஓரம் ஒதுங்கி நின்றுவிட்டு ஒரே மூச்சில் கடப்பது நல்லது. பயம் இருப்பதை வழிகாட்டியிடம் தொடக்கத்திலேயே சொல்லுங்கள், பாலத்தில் உங்களை முன்னால் விடுவார். அந்த ஒன்றுக்காகவே எட்டு யூரோ கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பாதை ஒருவழி என்றாலும், முடியாது என்று தோன்றினால் அதை ஹோயோ பள்ளத்தாக்கிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு குறுக்கு வழி இல்லை, பின்னால் அடுத்தடுத்த குழுக்கள் வந்துகொண்டிருக்கும்.

---

பாறைப்பல்லி:

கையில் என்ன எடுத்துப் போவது என்று யாரும் சொல்லவில்லையே. மூடிய ஷூ கட்டாயம். செருப்போடு வந்தால் விடமாட்டார்கள். குடை, செல்ஃபி கம்பு, பெரிய முதுகுப்பை மூன்றும் கூடாது. பெட்டியோடு மலாகாவிலிருந்து கிளம்பி அப்படியே வேறு ஊர் போகலாம் என்ற திட்டம் இருந்தால் மறந்துவிடுங்கள்.

ஹெல்மெட் அங்கேயே தருவார்கள், தெற்கு முனையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேலே காட்டாடுகள் ஓடும்போது சின்னக் கற்கள் உருளும், அதற்குத்தான் அது. வியர்க்கிறது என்று நடுவில் கழற்ற வேண்டாம். வெயில் தொப்பி அதற்கடியில் உட்காராது, கழுத்துக்கு ஒரு பருத்தித் துணி போதும். உயரமாகக் கொண்டை போட்டால் ஹெல்மெட் ஏறாது, முடியைத் தாழப் பின்னிக்கொள்ளுங்கள்.

பலகைப் பாதையில் கழிப்பறையும் இல்லை, தண்ணீரும் இல்லை. நுழைவதற்கு முன்பே எல்லாம் முடித்துவிட வேண்டும். அக்டோபரில் ஆளுக்கு ஒரு லிட்டர், கோடையில் இரண்டு. கைபேசிக்குக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். விழுந்தால் விழுந்ததுதான்.

---

தென்றல்_79:

எல்லோருக்கும் நன்றி. பையனின் வயதை நான் கவனிக்கவே இல்லை. வீட்டில் பேசினோம், பயணத்தையே மார்ச் கடைசிக்குத் தள்ளலாம் என்று இருக்கிறோம். அப்போது 8 முடிந்திருக்கும். மார்ச்சில் ஏதாவது சிக்கல் உண்டா? டிக்கெட் எப்போது எடுக்க வேண்டும்?

---

நடைராஜா:

மார்ச்சில் வெயில் இதமாக இருக்கும். பிரச்சினை காற்றும் மழையும். பள்ளம் குறுகும் இடத்தில் காற்று நெரிந்து வேகம் பிடிக்கும். கீழே ஊரில் வெறும் தென்றலாக இருக்கும் நாளிலும் பாலத்தில் நிற்க முடியாமல் போகலாம். அப்படிப்பட்ட நாளில் பாதையை மூடிவிடுவார்கள், சில சமயம் அன்று காலையில்தான் தெரியும். அவர்களாக மூடினால் பணமோ வேறு தேதியோ கிடைக்கும். நீங்களாக வராமல் இருந்தால் எதுவும் இல்லை. எனவே மலாகாவில் இறங்கிய மறுநாளே இந்த நடையை வையுங்கள். கடைசி நாளுக்கு வைத்தால், மூடிவிட்டால் மாற்றிக்கொள்ள நாள் இருக்காது. திங்கட்கிழமை எப்போதும் விடுமுறை, அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

டிக்கெட்டை அதிகாரப்பூர்வத் தளத்தில் அந்தத் தேதிகள் திறந்ததுமே எடுத்துவிடுங்கள். ஈஸ்டர் வாரம் உங்கள் தேதியோடு மோதுகிறதா என்று பாருங்கள். மோதினால் சில வாரங்களுக்கு முன்பே எல்லாம் தீர்ந்துவிடும். தீர்ந்துபோனால் மலாகாவிலிருந்து பேருந்தும் வழிகாட்டியும் சேர்த்து விற்கும் பயண முகவர்களிடம் இடம் இருக்க வாய்ப்புண்டு. விலை கூடத்தான், ஆனால் ரயில் கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. மாமியாரையும் பையனையும் வைத்துக்கொண்டு பார்த்தால் அது மோசமான வழியும் இல்லை.

---

கற்குருவி:

இதோடு ஒன்று. மார்ச் கடைசி ஞாயிறு அன்று ஸ்பெயினில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. அன்று காலை நுழைவு எடுத்திருந்தால் கைபேசியைப் பார்த்துக் கிளம்புங்கள்.