அமெரிக்க காலேஜ்ல சொரோரிட்டி (பொண்ணுங்க சங்கம்), ஃப்ரட்டர்னிட்டில (பசங்க சங்கம்) சேர்ந்தவங்க, பக்கத்துல இருந்து பாத்தவங்க அனுபவம் சொல்லுங்க

டாலஸ் அம்மா:
பொண்ணு இந்த ஆகஸ்ட்ல தெற்குப் பக்கம் ஒரு பெரிய ஸ்டேட் யூனிவர்சிட்டில சேர்றா, கிளாஸ் தொடங்குறதுக்கு முன்னாடியே போய் ரஷ் (சொரோரிட்டில சேர நடக்குற தேர்வு) பண்ணணும்னு ஒரே பிடிவாதம். நானும் அவங்கப்பாவும் தமிழ்நாட்டு ஹாஸ்டல்ல இருந்து படிச்சு வந்தவங்க, இந்த கிரீக் எழுத்து போட்ட வீடு, பாட்டு, ஒரே கலர் டிரஸ் எதுவும் எங்களுக்குப் பிடிபடல. யாரு செலக்ட் பண்றாங்க, மார்க் பாப்பாங்களா, ராகிங் இருக்குமா? சேர்ந்தவங்க, சேராம விட்டவங்க எல்லாரும் எழுதுங்க ப்ளீஸ்.

ஜார்ஜியா பொண்ணு:
ஆன்ட்டி, நான் முழு ரஷ்ஷும் பண்ணி, ஒரு சாப்டர்ல (சொரோரிட்டியோட கேம்பஸ் கிளை) கடைசி வருஷம் வரைக்கும் இருந்தவ, அதனால விளக்கமாவே சொல்றேன். ஒவ்வொரு சாப்டருக்கும் குறைஞ்சபட்ச ஜிபிஏ (சராசரி மார்க்) ஒண்ணு உண்டு, அதைத் தாண்டிட்டா அதுக்கப்புறம் எல்லாமே பேச்சுதான். முதல் ரவுண்ட்ல வரிசையா எல்லா வீட்டுக்கும் போகணும், கதவு திறந்ததும் உள்ள நிக்கிற பொண்ணுங்க மொத்தமா கைதட்டிப் பாடுவாங்க, அந்த சத்தத்துக்கு நடுவுல ஒருத்தி வந்து உள்ள கூட்டிட்டுப் போய் பேச ஆரம்பிப்பா, கொஞ்ச நேரத்துல இன்னொருத்தி வந்து அவ இடத்துல உக்காருவா, அப்புறம் இன்னொருத்தி, இப்படியே பேசி முடிச்சிட்டு ஆகஸ்ட் வெயில்ல அடுத்த வீட்டுக்கு நடக்கணும். பாய்ஃப்ரெண்ட், குடி, மதம், அரசியல், பணம் இந்த அஞ்சையும் தொடாதேன்னு எல்லாரும் சொல்லி அனுப்புவாங்க. ராத்திரி அவங்க நம்மளை வரிசைப்படுத்துவாங்க, நாமளும் அவங்களை வரிசைப்படுத்தணும், ரெண்டையும் பொருத்திப் பாத்து மறுநாள் எந்த வீட்டுக்கெல்லாம் போகணும்னு ஷெட்யூல் வரும். அடுத்தடுத்த ரவுண்ட்ல அவங்க பண்ற சேவை, அவங்க வீடு, அவங்களுக்குள்ள இருக்குற நெருக்கம் இதெல்லாம் காட்டுவாங்க, ஒவ்வொரு ரவுண்டுக்கும் வீடு குறைஞ்சுக்கிட்டே வந்து கடைசி ப்ரிஃபரன்ஸ் ரவுண்ட்ல அதிகபட்சம் ரெண்டுதான். அது ரொம்ப அமைதியா நடக்கும், நிறைய பேரு அழுவாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதை யாரும் பொண்ணுங்ககிட்ட முன்கூட்டியே சொல்றதில்ல. நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ்னு 1902ல ஆரம்பிச்ச கூட்டமைப்பு இருக்கு, 26 சொரோரிட்டி அதுல இருக்கு, ரஷ்ஷோட கணக்கெல்லாம் அவங்க முறைப்படிதான். அந்த கேம்பஸ்ல எல்லா சாப்டருக்கும் ஒரே கோட்டா, அதாவது இத்தனை பேரைத்தான் எடுக்கலாம்னு. அதனால எல்லாரும் ஆசைப்படுற பெரிய சாப்டருங்க முதல் ரவுண்ட் முடிஞ்ச உடனேயே நிறைய பேரை வேண்டாம்னு விட்டாகணும், அப்பதான் அந்தப் பொண்ணுங்க மத்த வீடுகளையும் நல்லாப் பாப்பாங்கன்னு கணக்கு. காலைல ஷெட்யூல்ல பேரு இல்லன்னதும், நேத்து என்ன தப்பா பேசினேன்னு எங்க குரூப்ல இருந்த பொண்ணுங்க உடைஞ்சு போனாங்க. ஒரு தப்பும் பேசிருக்க மாட்டாங்க ஆன்ட்டி, கணக்கு அப்படி. இதை பொண்ணுக்கு இப்பவே புரிய வைங்க. ரோ காமான்னு சீனியர் ஒருத்தர் கூடவே வருவாங்க, எந்த சொரோரிட்டின்னு அந்த வாரம் முழுக்க வெளிய சொல்லக் கூடாது அவங்க, மனசு கஷ்டமா இருந்தா அவங்ககிட்டதான் போகணும்.

நிறம் பத்தியும் சொல்லிடறேன். 2013ல அலபாமா யூனிவர்சிட்டில, நல்ல மார்க்கும் பேரும் இருந்த ஒரு கறுப்பின மாணவியை வெள்ளை சொரோரிட்டிங்க எல்லாம் ஒதுக்கினாங்க, பழைய மெம்பருங்க தலையிட்டுதான் தடுத்தாங்கன்னு அங்க படிக்கிற பிள்ளைங்களே அவங்க பேப்பர் கிரிம்சன் வொயிட்ல எழுதினாங்க, அதுக்கப்புறம்தான் கதவு கொஞ்சம் திறந்துச்சு. என் விஷயத்துல சில வீட்டுல பேச்சு எந்த ஊருங்கிறதைத் தாண்டவே இல்ல. ஒரு வீட்டுல என் அரங்கேற்றம் பத்தி சொன்னதும் அவ பாலே ஆடினவளாம், கால் பயிற்சி, கச்சேரிக்கு முந்தின நாள் பதட்டம்னு பேசிக்கிட்டே இருந்தோம், மாத்த வந்த பொண்ணு நின்னுக்கிட்டே இருந்தா. அங்கதான் சேர்ந்தேன்.

நியூ ஜெர்சி அண்ணன்:
பசங்க கதை வேற. இவ்வளவு கட்டுப்பாடெல்லாம் கிடையாது, வீடு வீடா போய் பார்பெக்யூ சாப்பிட்டு, ஃபுட்பால் பாத்து, பிடிச்சிருந்தா டின்னருக்கு தனியா கூப்பிடுவாங்க, அப்புறம் பிட் (வந்து சேருன்னு அழைப்பு) கொடுப்பாங்க. பிரச்சனை அதுக்கப்புறம், முழு மெம்பர் ஆகுறதுக்கு முன்னாடி வர்ற ப்ளெட்ஜ் காலத்துலதான். நான் பிட் வாங்கின இடத்துல (பேரு வேண்டாம்) முதல்ல வரலாறு, கிரீக் எழுத்து மனப்பாடம்னு ஆரம்பிச்சு, ராத்திரி போன் வந்தா ஓடணும், தூங்கக் கூடாதுன்னு போச்சு, ஒரு நாள் பாட்டிலை நீட்டி முடிச்சாதான் வெளிய போகலாம்னாங்க. எழுந்து வந்துட்டேன், திரும்பப் போகல. இதை ராகிங்னு லேசா விடாதீங்க. 2017 ஃபிப்ரவரில பென் ஸ்டேட்ல டிமதி பியாஸா, 19 வயசுப் பையன், பிட் வாங்கின ராத்திரி குடிக்க வச்சு படிக்கட்டுல விழுந்தான், மணிக்கணக்கா யாரும் 911 கூப்பிடல, செத்துப் போனான். அவன் அப்பா அம்மா போராடி 2018ல பென்சில்வேனியால இந்தக் கொடுமைக்கு எதிரா சட்டமே வந்துச்சு. 2024 டிசம்பர்ல நாடு முழுக்க இன்னொரு சட்டமும் வந்திருக்கு, எந்த அமைப்பு மேல ஹேஸிங் (அதான் இந்தக் கொடுமை) புகார் நிரூபணமாச்சுன்னு யூனிவர்சிட்டியே வெளியிடணும். அக்கா, அந்தப் பக்கத்தை கண்டிப்பா தேடிப் படிங்க, சொரோரிட்டிக்கும் சேர்த்துதான்.

நம்ம பிள்ளைங்களுக்குன்னு தெற்காசிய அமைப்புகளும் உண்டு. பசங்களுக்கு பிங்ஹாம்டன்ல 1994ல ஆரம்பிச்ச அயோட்டா நூ டெல்டா, பொண்ணுங்களுக்கு ஆஸ்டின்ல 1998ல கப்பா ஃபை காமா, அதே வருஷம் ஹூஸ்டன்ல டெல்டா ஃபை ஒமேகா. டெக்ஸாஸ்ல வளர்ந்த பொண்ணுக்கு கடைசி ரெண்டும் ஏற்கனவே தெரிஞ்சிருக்கலாம்.

மேரிலாண்ட்:
என் ரூம்மேட் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. 1908ல ஹோவர்ட் யூனிவர்சிட்டில ஆரம்பிச்ச முதல் கறுப்பின சொரோரிட்டி, கமலா ஹாரிஸ் ஹோவர்ட்ல படிக்கும்போது சேர்ந்தது இதுலதான். அங்க ஃப்ரெஷ்மேன் (முதல் வருஷம்) ரஷ்ஷே கிடையாது, முதல்ல கொஞ்சம் பாட கிரெடிட் முடிச்சு, சேவை பண்ணிக் காட்டணும், ஆசை இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லக் கூடாது. அவ எங்கிட்ட கூட வாயே திறக்கல! ஒரு நாள் சாயங்காலம் கேம்பஸ் நடுவுல வரிசையா முகத்தை மூடிக்கிட்டு வந்து, ஒரே அடியில காலெடுத்து வச்சு, வரலாறு முழுக்க மனப்பாடமா சொல்லி, கடைசியில முகத்தைத் திறந்தப்பதான் அது அவன்னு தெரிஞ்சுது. அவ பாட்டி கூட்டத்துல நின்னு அழுதாங்க, அவங்களும் அதே சொரோரிட்டி. படிப்பு முடிஞ்சும் ஊர் ஊரா சாப்டர் இருக்கு, சாகுற வரைக்கும் மெம்பர். இதைப் பாத்தப்புறம் வெறும் பார்ட்டி கூட்டம்னு என்னால சொல்ல முடியல.

பிட்ஸ்பர்க்:
வீடு, பார்ட்டி எதுவும் வேண்டாம், நல்ல கூட்டம் மட்டும் போதும்னா ஆல்ஃபா ஃபை ஒமேகா பாக்கச் சொல்லுங்க. சேவைக்கான அமைப்பு, ஆண் பெண் எல்லாரும் சேரலாம். நான் அதுலதான் இருந்தேன், சனிக்கிழமை ஃபுட் பேங்க்ல மூட்டை தூக்கினதுல கிடைச்ச நண்பர்கள் இன்னும் இருக்காங்க.

டாலஸ் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பொண்ணும் நானும் சேர்ந்து உக்காந்து படிச்சோம். பணம் பத்தி பேசக் கூடாதுன்னா ஃபீஸ் எப்படி கேக்கறது? கடைசியா ஏதோ ஃபார்ம்ல கையெழுத்துன்னு சொல்றா, அது என்னம்மா?

ஜார்ஜியா பொண்ணு:
குடும்பப் பணத்தைக் காட்டிப் பேசக் கூடாது, அவ்வளவுதான் ஆன்ட்டி, ஃபீஸ் எவ்வளவுன்னு தாராளமா கேக்கலாம். ஒரு செமஸ்டருக்கே ஆயிரக்கணக்குல போகும் சில இடத்துல, வீட்டுல தங்காட்டியும் சாப்பாட்டுக்குக் கட்டணும், வெஜ் கிடைக்குமான்னும் அப்பவே கேக்கச் சொல்லுங்க. ஃபார்ம் வந்து ப்ரிஃபரன்ஸ் முடிஞ்ச கையோட நிரப்புறது. அதுல எந்த வீட்டுப் பேரை எழுதி கையெழுத்துப் போட்டாலும், அங்க இருந்து பிட் வந்து வேண்டாம்னுட்டா அந்த கேம்பஸ்ல அந்த 26ல வேற எதுலயும் அடுத்த வருஷ ரஷ் வரைக்கும் சேர முடியாது. ரெண்டு வீட்டுல ஒண்ணு மனசுக்கு ஒட்டலன்னா அந்தப் பேரை எழுதாம விட்டுடலாம், அது அவ உரிமை. ஆனா ஒண்ணை மட்டும் எழுதினா பிட்டே வராம போகவும் வாய்ப்பிருக்கு, அதனால கையெழுத்துக்கு முன்னாடி ரோ காமாகிட்ட உக்காந்து பேசிட்டுப் போடச் சொல்லுங்க.