உளுந்து எம்-3 விதைப்பு: உப்புத் திட்டு வயலில் கட்டுப்பாட்டு வரிசை எப்படி வைப்பது?

வணக்கம். உச்சிப்புளி பக்கம் மணல் வயலில் காமாக் கதிர் பாய்ச்சிய உளுந்து எம்-2 அறுவடைக்கு நிற்கிறது (கதிர் பட்ட விதையில் முளைத்தது எம்-1, அதன் விதையில் வந்தது எம்-2, அடுத்த தலைமுறை எம்-3). கதிர் அளவு 300, 400 கிரே. ஒவ்வொரு எம்-1 செடியின் விதைக்கும் ஒரு வரிசை. 30க்கு 10 செ.மீ. இடைவெளி.

காய் எண்ணிக்கைக்கும் தனிச்செடி விளைச்சலுக்கும் மரபுவழித் திறன் (செடிக்குச் செடி வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு) நம்ப முடியாத அளவுக்கு ஏறி வருகிறது. ஒப்பீட்டுக்கான, கதிர் படாத தாய் ரகத்தை மேற்கு ஓரத்தில் மட்டும் விதைத்ததுதான் வினை. அங்கே மண் ஒரே சீர். நடுவயலிலோ உப்பு வெள்ளையாகப் பூத்த திட்டுகள், செடி சாணுயரம் தாண்டவில்லை. தாய் ரகச் செடிகளின் மாறுபாட்டைத்தானே சூழல் மாறுபாடாகக் கழிக்கிறோம்? அது சிறுத்தால் மண் செய்த வித்தியாசமும் மரபணுக் கணக்கில் ஏறிவிடும். முளைக்காத குழிக்குப் பக்கத்துச் செடிகளும் அப்படித்தான்: காய் குலுங்குவது மியூட்டேஷனால் அல்ல, இடம் தாராளமாகக் கிடைத்த குஷியில். அவற்றையும் வரிசைக் கடைசிச் செடிகளையும் ஒதுக்கியாயிற்று.

எம்-3இல் 10 வரிசைக்கு ஒரு தாய் ரக வரிசை போதுமா, 5க்கு ஒன்று வேண்டுமா? ஒவ்வொரு வரிசையிலும் மண்ணை 1:2 விகிதத்தில் நீரில் கலக்கி, மின்கடத்துத்திறன் (உப்பைக் காட்டும் அளவு) பார்த்து, அதை இணைமாறியாக (உப்பின் பாதிப்பைக் கணக்கில் சரிக்கட்டும் அளவாக) சேர்த்தவர்கள் உண்டா? எத்தனை செ.மீ. ஆழ மண் எடுத்தீர்கள்?

இன்னொன்று. காய் கூடிய குடும்பங்களில் (ஒரே எம்-1 செடி வழி வந்தவை) 100 விதை எடை இறங்குகிறது. இது ஜீன் பிணைப்பா (இரண்டு பண்பின் ஜீன்களும் ஒட்டியே வருவதா), காய்களுக்குள் வெறும் உணவுப் போட்டியா? எம்-3இல் பிரித்தறிய வழி சொல்லுங்கள். பூக்கும் முன்பே மஞ்சள் தேமல் நோய் விழுந்த செடிகளை விளைச்சல் சராசரியில் சேர்க்கலாமா?