அறிவித்த தேர்தல் முடிவை மாற்ற முடியுமா? உங்கள் சங்கத்தில் நடந்ததைப் பகிருங்கள்

எங்கள் சங்கப் பொதுக்குழுவில் நடந்ததை முதலில் சொல்கிறேன். பொருளாளர் பதவிக்கு இருவர் போட்டி. ஓட்டு எண்ணிய மூவரில் நானும் ஒருவன். மொத்தம் 63 சீட்டு. ஒருவருக்கு 32, மற்றவருக்கு 31. தலைவர் முடிவை வாசித்ததும் வென்றவர் முன்வரிசையில் எழுந்து, சபையைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

உடனே பின்னாலிருந்து ஒருவர், "இந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று முன்மொழிகிறேன்" என்றார். வழிமொழியவும் ஆள் இருந்தது. தலைவர் அதை ஓட்டுக்கு விடப் போன நேரத்தில், முன்னாள் செயலாளர் ஒழுங்குப் பிரச்சினை (விதி மீறப்படுகிறது என்ற ஆட்சேபம்) எழுப்பினார். பைலாவில் சொல்லாத விஷயங்களுக்கு ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டரைப் பின்பற்றுவது என்பது எங்கள் ஏற்பாடு. ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1876-இல் முதலில் வெளியிட்ட, கூட்ட நடைமுறை விதிகளைச் சொல்லும் புத்தகம் அது; எங்களிடம் இருப்பது 2020-இல் வந்த 12-ஆம் பதிப்பு. தேர்வானவர் கூட்டத்திலேயே இருந்து, பதவியை மறுக்கவில்லை என்றால் அந்த நொடியே தேர்தல் முடிந்துவிட்டது என்கிறது அது. அதன் பிறகு மறுபரிசீலனையும் செல்லாது, ரத்துத் தீர்மானமும் செல்லாது. தலைவர் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, முன்மொழிவை ஏற்க முடியாது என்றார்.

எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. தோற்ற பக்கம் "இன்னொரு தடவை" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் எந்தத் தேர்தல்தான் முடியும்?

ஆனால் எனக்கு மட்டும் உட்கார முடியவில்லை. எண்ணும்போது இரண்டு சீட்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வந்தன. இரண்டிலும் வென்றவரின் பெயர். "ரெண்டையும் சேர்த்துக்கலாம்" என்றார் உடன் எண்ணியவர். நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்தேன், அவ்வளவுதான். வருகைப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்து என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

எழுந்து அதைச் சொன்னேன். கூட்டம் சத்தமாகிவிட்டது. முன்னாள் செயலாளர்தான் வழி சொன்னார்: முடிவை மறுபரிசீலனை செய்ய முடியாது, ஆனால் எண்ணிக்கையில் தவறு என்றால் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிடும் அதிகாரம் பொதுக்குழுவுக்கு உண்டு, அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். நிறைவேறியது. எல்லார் முன்னாலும் சீட்டுகள் இருந்த உறையைப் பிரித்தார்கள். குண்டூசியோடு அந்த இரண்டு சீட்டும் அப்படியே இருந்தன.

அதே புத்தகப்படி, பெயர் எழுதிய சீட்டுகள் ஒன்றாக மடித்து வந்தால் இரண்டும் செல்லாது. இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு செல்லாத ஓட்டாகக் கணக்கில் ஏறும். (உள்ளே இருப்பது வெற்றுத் தாள் என்றால் அதைத் தள்ளிவிட்டு எழுதியதை எண்ணிக்கொள்ளலாம்.) ஆக 30, 31, செல்லாதது 1, மொத்தம் 62. "அப்போ எங்க ஆள் ஜெயிச்சாச்சு" என்று ஒரு பக்கம் கைதட்டியது. இல்லை! ஓட்டுரிமை உள்ளவர் போட்ட செல்லாத ஓட்டும் மொத்தத்தில் சேரும். 62-இல் பாதிக்கு மேல் என்றால் 32 வேண்டும். யாருக்கும் இல்லை. யாருமே தேர்வாகவில்லை.

மறுபடி வாக்குப்பதிவு நடந்தது. இந்த முறை 33-க்கு 29 என்று மற்றவர் வென்றார்.

கூட்டம் கலைந்த பிறகு, முதலில் கும்பிட்டவர் என்னிடம் வந்தார். "தம்பி, நீங்க சொன்னது சரிதான். அதை எண்ணும்போதே சொல்லியிருந்தா நான் எழுந்து நின்னிருக்க மாட்டேன்" என்றார். இன்று வரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதில்:
எங்கள் சங்கத்தில் செயற்குழுவே கூடி, தேர்தல் செல்லாது என்று அறிவித்துவிட்டது. உறுப்பினர் அல்லாத இருவர் ஓட்டுப் போட்டது சில மாதம் கழித்துத் தெரியவந்ததுதான் காரணம். பொதுக்குழு நடத்திய தேர்தலைத் தீர்த்துச் சொல்ல வேண்டியது பொதுக்குழுதான், செயற்குழு அல்ல என்று நாங்கள் சண்டை போட வேண்டியிருந்தது. பொதுக்குழு கூடிப் பார்த்தால், வென்றவர் 9 ஓட்டு அதிகம் வாங்கியிருந்தார். அந்த இரண்டையும் கழித்தாலும் முடிவு மாறாது, அதனால் தேர்தல் நின்றது. வித்தியாசம் 1 ஓட்டாக இருந்திருந்தால் அத்தனை மாதம் கழித்தும் அது செல்லாமல் போயிருக்கும். இன்னொன்று, சீட்டுகளை அவசரப்பட்டுக் கிழித்துப் போடாதீர்கள். மறு எண்ணிக்கை கேட்கும் காலம் முடியும் வரை உறையில் பத்திரமாக இருக்கட்டும்.

பதில்:
எங்களுடையது வேறு மாதிரி. கூட்டத்துக்கே வராத ஒரு அக்காவைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டோம். அவரிடம் சம்மதமும் கேட்கவில்லை. அந்த நிலையில், அவருக்குத் தகவல் போய், அவர் உடனே மறுக்காமல் இருந்தால்தான் தேர்தல் முடிந்ததாகும். அதற்குள் வென்ற பக்கம் ஓட்டுப் போட்ட ஒருவரே மறுபரிசீலனை கேட்டார். அங்கே அது செல்லும். தலைவர் அதை எடுத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் யாரோ அந்த அக்காவுக்கு போன் போட்டுவிட்டார்கள். "என்னால முடியாதுப்பா, வீட்டுல அம்மா படுக்கையில இருக்காங்க" என்று சொல்லிவிட்டார். அதே கூட்டத்தில் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தோம். இந்தத் தடவை அவரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டோம்.