‘டிவ்வி அப்’ என்றால் திட்டா, கணக்கா? மாலை ஆறு மணிக்குள் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் பையன்:
வணக்கம். இங்கே வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. நான்கு பேர் தங்கும் வீடு. மற்ற மூவரும் இந்த ஊர்க்காரர்கள். நேற்றிரவு ஒருவன் ‘லெட்ஸ் டிவ்வி அப் த பில்ஸ்’ என்று செய்தி அனுப்பினான். அகராதியைப் புரட்டினால் ‘டிவ்வி’ என்றால் மடையன் என்று இருக்கிறது. ‘நான் மடையன் இல்லை, வாடகையை ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன்’ என்று பதில் போட்டுவிட்டேன். காலையில் நான் சமையலறைக்குள் நுழைந்ததும் ஒருவன் தேநீர்க் கோப்பையோடு மாடிக்குப் போய்விட்டான். மாலை உட்கார்ந்து பேச வேண்டுமாம்.

சிகாகோ புதுவயல்:
தம்பி, டிவ்வி என்பது சைக்கிள். 2013 முதல் இங்கே ஓடும் வாடகை சைக்கிள், வெளிர் நீல நிறம். என் முதல் குளிர்காலத்தில் கையுறை இல்லாமல் அதில் வேலைக்குப் போய் விரல் மரத்துப்போனது. முதலில் நல்ல கையுறை வாங்கு.

கானாடுகாத்தான் பையன்:
அண்ணா, சைக்கிள் இல்லை, பில்.

லீட்ஸ் ஆச்சி:
எந்த நாடு என்று சொல்லவில்லை. மடையன் என்ற பொருள் பிரிட்டனில்தான் புழக்கம் என்பதால் இங்கேதான் இருக்கிறாய். அது பெயர்ச்சொல். பின்னால் ‘அப்’ வந்தால் வினை: பங்கு பிரித்துக்கொள்வது. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேலில் 1844இல் தொடங்கிய கூட்டுறவுக் கடையில், வாங்கிய சரக்குக்கு ஏற்ப லாபத்தில் பங்கு கொடுத்தார்கள். அந்த டிவிடெண்டைச் சுருக்கி ‘டிவ்வி’ என்பார்கள். கூட இருப்பவர்களிடம் சொல்லலாம்; வக்கீல் கடிதத்தில் எழுதாதே. இன்னொன்று, இந்தச் சொல்லில் ‘சமமாக’ என்ற பொருள் கிடையாது. பாதிக்குப் பாதி என்றால் ‘கோ ஹாவ்ஸ்’. ஆளுக்கு முடிந்ததைப் போடுவது ‘சிப் இன்’. நம் கோயில் வரி போலப் புள்ளிக்கு, அதாவது தலைக்கட்டுக்கு, இவ்வளவு என்பதா, அவரவர் செலவுக்கு ஏற்பவா என்பதை நீங்கள் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

தேவகோட்டை, இப்போது டொராண்டோ:
சமமாக என்றால் ஒத்துக்கொள்ளாதே. நான் போர்வைக்குள் நடுங்கினேன், பக்கத்து அறைக்காரன் இரவெல்லாம் ஹீட்டர் போட்டான், பில் மட்டும் பாதிப் பாதி.

சிங்கப்பூர் பள்ளத்தூர்:
சமமாகக் கொடுத்துவிடு தம்பி, சில்லறைக்காக முகம் முறிக்காதே. எங்கள் ஐயா, நம்மவர்கள் சேர்ந்து தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் ஒரு பெட்டி, ஒரு பாயோடு இருந்தவர். ஒரே சமையல்காரர், ஒரே பந்தி. ஹீட்டர் சண்டை யாருக்கு வந்தது?

தேவகோட்டை, இப்போது டொராண்டோ:
சிங்கப்பூரில் ஹீட்டர் எதற்கு ஐயா?

சிகாகோ புதுவயல்:
என்னோடு இருந்தவன் பால் குப்பியில் பேனாவால் கோடு போட்டு வைப்பான். கோடு ஒரு விரல் இறங்கினால் என்னைப் பார்ப்பான். இத்தனைக்கும் நான் கருப்புக் காபி குடிப்பவன்.

லீட்ஸ் ஆச்சி:
பால் கதை போதும். தம்பி, நீ மாணவனா? நால்வரும் முழுநேர மாணவர்கள் என்றால் வீட்டுக்கே கவுன்சில் வரி, அதாவது ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி, கிடையாது. பல்கலைக்கழகச் சான்று வாங்கிவை. வாடகை ஒப்பந்தம் நால்வர் பெயரிலும் ஒன்றாக இருந்தால், ஒருவன் கட்டாவிட்டாலும் மற்றவர்களைக் கேட்பார்கள். இப்போதே மீட்டரைப் படம் எடு. கேஸ், மின்சாரக் கணக்கு யார் பெயரில்?

கானாடுகாத்தான் பையன்:
மாணவன்தான் ஆச்சி, அவர்களும்தான். கணக்கு இரண்டும் என் பெயரில். சாவி வாங்கிய அன்று கேட்டார்கள், சரி என்றேன். முதல் பில் 164 பவுண்டு, என் அட்டையிலிருந்து போய்விட்டது.

லீட்ஸ் ஆச்சி:
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா? அந்தப் பையன்கள் உனக்குப் பணம் தரக் கேட்டிருக்கிறார்கள்! ஆளுக்கு 41 பவுண்டு. சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னியுங்கள் என்று இப்போதே ஒரு வரி அனுப்பு.

கானாடுகாத்தான் பையன்:
அனுப்பிவிட்டேன். ஒருவன் சிரிப்புப் படம் போட்டிருக்கிறான். ஆத்தா கொடுத்தனுப்பிய சீப்புச் சீடை டப்பா இன்னும் பிரிக்காமல் இருக்கிறது, கீழே எடுத்துப் போகிறேன். அதையும் டிவ்வி அப் செய்யலாம் என்று சொன்னால் சரியாக இருக்குமா ஆச்சி?

லீட்ஸ் ஆச்சி:
சரிதான். ‘அப்’ மட்டும் விட்டுவிடாதே.